படிக்கப் போனியா, ஊர் சுத்தப் போனியா?



கொஞ்சம் நீளமான பதிவு. காலை நடை முடித்து, காபி குடித்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீங்களும் அவசரமில்லாத நேரமாகப் பார்த்துப் படியுங்கள். பாதியில் நிறுத்தினாலும் ஆப்சென்ட் போட மாட்டேன்.

நம்ம ஈரோட்டில் பிறந்த கணிதமேதை ராமானுஜனைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். "சார், ஏழாம் வகுப்பிலேயே சொல்லிட்டீங்க" என்று சிலர் சொல்வீர்கள். அப்போது சொன்னது 1729 கதை. இப்போது சொல்லப் போவது, வெளிநாட்டுக்குப் படிக்கப் போன அந்தப் பையனுடைய ஒரு நாள் எப்படிப் போனது என்பதை. எதற்காக இதைத் தேடிப் படித்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்வதற்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் மகள் வயிற்றுப் பேத்தி ஜெர்மனியில் ஆகன் என்ற ஊரில் முதுநிலைப் படிப்பு படிக்கிறாள். போன அக்டோபரில்தான் போனாள். போன மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து நகரமான கொலோனில் இருக்கும் பெரிய தேவாலயத்தின் முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டாள். 1248-ல் கட்ட ஆரம்பித்து 1880-ல் முடித்த கோயிலாம். கோபுரத்துக்கு 533 படி, ஏறி இறங்கினேன் என்று எழுதியிருந்தாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "படிக்கப் போனியா, ஊர் சுத்தப் போனியா கண்ணு?" என்று ஒரு வரி தட்டிவிட்டேன். ஏழெட்டுப் பேர் சிரித்த முகம் போட்டார்கள். மச்சான் ஒருவர் "வாத்தியார்னா வாத்தியார்தான்" என்று எழுதினார். அவள் "ஸாரி அப்புச்சி" என்று மட்டும் போட்டாள்.

அதற்குப் பிறகு அவளிடமிருந்து போட்டோ வரவில்லை. அம்மிணி ஒழுங்காகப் படிக்கிறாள் என்று நானும் நிம்மதியாக இருந்தேன். பொங்கல் கழிந்து என் மகள் ஃபோன் செய்து அழுதாள். பிள்ளை வாரத்தில் ஐந்து நாள் வகுப்புக்கும் பகுதிநேர வேலைக்கும் போகிறாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அறையை விட்டு வெளியே வருவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கே கடை கண்ணியெல்லாம் மூடிவிடுவார்களாம். ரொட்டியும் தயிரும் தின்றுகொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். இளைத்துப் போய்விட்டாள், பேச்சு குறைந்துவிட்டது. "கூடப் படிக்கிற பிள்ளைகளோட எங்காச்சும் போய்ட்டு வாயேன் சாமி" என்று இவள் சொன்னதற்கு, "அப்புச்சி திட்டுவாரும்மா" என்றிருக்கிறாள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. முப்பத்து நான்கு வருஷம் பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகளிடம் இதே வார்த்தையைச் சொல்லியிருப்பேன்! வெளியூர் ஹாஸ்டலுக்குப் போனவன், பாலிடெக்னிக் போனவன், பிறகு அமெரிக்கா போனவன் என எல்லோருக்கும் நான் கொடுத்த புத்திமதி அதேதான். இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் அதை வாங்கிக்கொண்டு போனவர்கள்தான்.

சரி, கதைக்கு வருவோம்.

ராமானுஜன் பிறந்தது 1887 டிசம்பர் 22, ஈரோட்டில், அம்மாவைப் பெற்றவர்களின் வீட்டில். தாத்தா ஈரோடு முன்சீப் கோர்ட்டில் அமீனா. வளர்ந்தது கும்பகோணம். எஃப்.ஏ. தேர்வில் தோற்று, சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தாவாக இருந்து, கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியது வரை உங்களுக்குத் தெரியும். 1914 மார்ச் 17-ல் நெவாசா என்ற கப்பலில் சென்னையிலிருந்து புறப்பட்டார். அதற்கு முன்பே குடுமியை எடுத்துவிட்டார்கள், கோட்டு மாட்டிவிட்டார்கள். ஏப்ரல் 14-ல் லண்டன் போய்ச் சேர்ந்தார். வயது 26. சென்னைப் பல்கலைக்கழகம் கொடுத்த உதவித்தொகை வருஷத்துக்கு 250 பவுன். அதில் 50 பவுன் ஊரில் குடும்பத்துக்குப் போய்விடும். அது போக டிரினிட்டி கல்லூரி 60 பவுன் கொடுத்தது. காசுக்குப் பஞ்சமில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். வேலைக்கும் போக வேண்டியதில்லை. இன்றைக்கு இங்கிலாந்தில் படிக்கிற நம் பிள்ளைகள் வாரம் 20 மணி நேரம் கடையிலும் ஓட்டலிலும் நிற்கிறார்களே, அந்தக் கஷ்டம் அவருக்கு இல்லை.

முதலில் கொஞ்ச நாள் நெவில் என்ற கணிதப் பேராசிரியர் வீட்டில் தங்கினார். பிறகு கல்லூரிக்குச் சொந்தமான ஹ்யூவெல்ஸ் கோர்ட் கட்டடத்தில் அறை. காலையில் ஹார்டியிடம் போனால் கையில் புதுத் தேற்றங்கள் இருக்கும். ஒரு நாளைக்கு அரை டஜன் காட்டுவார் என்று ஹார்டியே எழுதியிருக்கிறார். சில வகுப்புகளுக்கும் போனார். பெர்ரி என்ற ஆசிரியர் கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தபோது ராமானுஜன் முகம் மலர்ந்திருப்பதைப் பார்த்து, "ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்டாராம். இவர் எழுந்து போய், ஆசிரியர் இன்னும் நிரூபிக்காத முடிவுகளை எழுதிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். ஓர் ஆசிரியராகச் சொல்கிறேன், அப்படி ஒரு மாணவன் கிடைப்பது பெரிய கொடுப்பினை. கொஞ்சம் பயமும்தான்.

வகுப்பு முடிந்தால் நேரே அறை. சாப்பாடுதான் காரணம். இவர் சுத்த சைவம். கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் காய்கறியைக்கூடப் பன்றிக் கொழுப்பில் வதக்கினால் என்ன செய்வது என்ற சந்தேகம். அதனால் அறையிலேயே சமையல். ஊரிலிருந்து பார்சலில் சாமான் வரும். கொட்டை எடுத்த புளியும் நல்ல தேங்காய் எண்ணெயும் அனுப்பச் சொல்லி நண்பருக்கு எழுதியிருக்கிறார். சில நாள் ஒரே வேளைதான் சமையல், அதுவும் விடியற்காலை போன்ற ஏதாவதொரு கண்ட நேரத்தில். மற்ற நேரமெல்லாம் கணக்கு.

அந்த ஊர்க் கல்லூரிகளில் சாப்பாட்டுக் கூடம் என்பது வெறும் சாப்பிடுகிற இடமில்லையாம். நம் ஊரில் மரத்தடித் திண்ணையும் டீக்கடை பெஞ்சும் எப்படியோ அப்படி. அங்கேதான் சிநேகிதம் பிடிக்கும், நாளைக்கு எங்கே போகலாம் என்ற பேச்சு வரும். அதை அவர் இழந்துவிட்டார். அவர் கொள்கையைக் குறை சொல்லவில்லை. தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டதில் என்னென்ன கைவிட்டுப் போயிற்று என்று பார்க்கிறேன்.

இந்த இடத்தில் மகலனோபிஸ் என்ற வங்காள மாணவர் வருகிறார். பிற்காலத்தில் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை ஆரம்பித்தவர். கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். ராமானுஜனின் அன்றாட வாழ்க்கை நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி இவர் எழுதி வைத்ததால்தான்.

குளிர் தொடங்கிய ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் கணப்பு அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். "ராத்திரி குளிர் தாங்குகிறதா?" என்று மகலனோபிஸ் கேட்கிறார். ஓவர்கோட்டைப் போட்டுச் சால்வையைச் சுற்றிக்கொண்டு படுத்தும் குளிர்கிறது என்கிறார் ராமானுஜன். கம்பளி போதவில்லையோ என்று படுக்கையறையில் போய்ப் பார்த்தால், கட்டில் மேல் கம்பளிகள் அடுக்காக இருக்கின்றன! எல்லாம் மெத்தையோடு சேர்த்து இறுக்கிச் செருகி, மேலே விரிப்புப் போட்டு மூடியிருக்கிறது. அதை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது இவருக்குத் தெரியவில்லை. அத்தனை நாளும் அந்த விரிப்பின் மேலேயே படுத்திருக்கிறார்.

இந்தச் சம்பவத்தை நானே வகுப்பில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் சிரித்தீர்கள். இப்போது சிரிக்க முடியவில்லை. உலகத்தில் யாருக்கும் தெரியாத கணக்கு தெரிந்த மனுஷன், "இதை எப்படிப் படுக்கிறது?" என்று பக்கத்து அறைப் பையனிடம் கேட்கும் அளவுக்குக்கூடப் பழக்கம் இல்லாமல் இருந்திருக்கிறார்.

இன்னொரு நாள், 1914 டிசம்பர். மகலனோபிஸ் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருக்கிறார். ராமானுஜன் அடுப்பில் காய் கிண்டிக்கொண்டிருக்கிறார். இவர் மேசையருகே உட்கார்ந்து ஸ்ட்ராண்ட் என்ற பத்திரிகையைப் புரட்டி, அதிலிருந்த ஒரு புதிரைப் போட்டுப் பார்த்துவிட்டு ராமானுஜனிடம் கேட்கிறார். புதிர் இதுதான்: பெல்ஜியத்தில் லூவன் நகரில் ஒரு நீளமான தெரு. ஒரு பக்கத்து வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண். நண்பர் வீட்டுக்கு இடப்பக்கம் இருக்கும் எண்களைக் கூட்டினாலும், வலப்பக்கம் இருக்கும் எண்களைக் கூட்டினாலும் ஒரே தொகை. மொத்த வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள். வீட்டு எண் என்ன?

கரண்டியைக் கீழே வைக்காமலே ராமானுஜன், "எழுதிக்கொள்ளுங்கள்" என்று ஒரு தொடர்பின்னத்தைச் சொன்னார். அந்த ஒரு புதிருக்கு மட்டுமல்ல, அந்த மாதிரிப் புதிர் எல்லாவற்றுக்கும் அதிலேயே விடை. பிள்ளைகளே, பேனாவை எடுங்கள். 8 வீடு இருந்தால் விடை 6. சரிபாருங்கள்: ஒன்று முதல் ஐந்து வரை கூட்டினால் 15, ஏழும் எட்டும் 15. அடுத்தது 49 வீட்டில் 35. அதற்கடுத்தது 288 வீட்டில் 204. அதுதான் பத்திரிகை கேட்ட விடை. அதற்கும் அடுத்தது என்ன என்று கண்டுபிடித்துக் கமெண்டில் போடுங்கள். இப்போதும் ஹோம்வொர்க் தான்.

லூவன் என்ற பெயர் புதிரில் வந்ததற்குக் காரணம் உண்டு. 1914 ஆகஸ்ட் கடைசியில் ஜெர்மன் படை அந்த ஊரைக் கொளுத்தியது. பழமையான பல்கலைக்கழக நூலகம் சாம்பலாயிற்று. ராமானுஜன் போய் நாலு மாதத்தில் போர் தொடங்கிவிட்டது. டிரினிட்டியின் ஒரு முற்றத்திலேயே காயம்பட்ட சிப்பாய்களுக்குக் கட்டில் போட்டு ஆஸ்பத்திரி ஆக்கினார்கள். பேராசிரியர் லிட்டில்வுட் ராணுவக் கணக்குப் போடப் போய்விட்டார். மாணவர்கள் கூட்டம் கூட்டமாகப் போர்முனைக்குப் போனார்கள். நீர்மூழ்கிக் கப்பல் பயத்தில் பார்சலும் கடிதமும் தாமதம். நினைத்தபோது ஊருக்கு வந்து போகலாம் என்ற வழியும் அடைபட்டது. அறையில் மனிதன் இன்னும் தனியானார்.

வெளியே போனாரா என்றால், போனார். ஞாயிறு காலையில் மகலனோபிஸும் வேறு சில இந்திய மாணவர்களும் சேர்ந்து நெடுந்தூரம் நடப்பார்கள், ராமானுஜனும் போவார். அந்த நடையில் கணக்கைப் பற்றி அதிகம் பேச மாட்டாராம். பூஜ்யம் என்றால் குணம் கடந்த பரம்பொருள், முடிவிலி என்றால் அதிலிருந்து வரக்கூடிய எல்லாம், இரண்டையும் பெருக்கினால் எண்கள் அத்தனையும் பிறக்கும் என்று தத்துவம் பேசுவார். தேற்றத்தை நிரூபிப்பதைவிட இந்தத் தத்துவத்தை நிலைநாட்டினால்தான் அவருக்கு அதிக சந்தோஷமாக இருந்திருக்குமோ என்று மகலனோபிஸுக்கே தோன்றியிருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் படிக்கும்போது என் மனசுக்கு ஆறுதலாக இருந்தது. அறைக்குள் ஹார்டிக்குத் தெரியாத ஒரு ராமானுஜன், வெளியே நடக்கும்போது வந்திருக்கிறார்.

அவர் போன இன்னொரு வெளியூர்ப் பயணத்தையும் சொல்ல வேண்டும். சாட்டர்ஜி என்ற நண்பருக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண்ணையும் சேர்த்து விருந்துக்கு அழைத்தார் ராமானுஜன். தானே சமைத்தார், தானே பரிமாறினார். ரசம் நன்றாக இருந்தது. இரண்டு தடவை வாங்கிக் குடித்தார்கள். மூன்றாவது தடவை கேட்டபோது பெண்கள் போதும் என்று சொல்லிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ராமானுஜனைக் காணோம். தேடினால் ஆளில்லை. நாலு நாள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தந்தி: ஐந்து பவுன் அனுப்பவும். தன் சமையலை மறுத்துவிட்டார்கள் என்ற வருத்தத்தில், கையிலிருந்த காசோடு ரயிலேறிப் போய்விட்டார். ஆக்ஸ்ஃபோர்டு எவ்வளவு அழகான ஊர்! அங்கே அவர் என்ன பார்த்திருப்பார் என்று நினைக்கவே சங்கடமாக இருக்கிறது.

இப்போது ஹார்டியின் நாளைப் பாருங்கள். அதே கல்லூரி, அதே கணக்கு. காலையில் செய்தித்தாளில் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பார். ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரை கணக்கு. ஒரு கணிதக்காரனுக்கு நாளைக்கு நாலு மணி நேரம்தான் உண்மையான வேலை நடக்கும் என்பது அவர் கொள்கை. மதியத்துக்கு மேல் மைதானம்: கிரிக்கெட் பார்ப்பது, டென்னிஸ் ஆடுவது. அவரும் சோம்பேறி இல்லை, அந்தக் காலத்து இங்கிலாந்தின் முதல் வரிசைக் கணிதமேதை. ராமானுஜனை உயிராக மதித்தவர்தான். ஆனால் தேற்றத்தைப் பற்றி நாள்தோறும் பேசிய ஹார்டி, "சாப்பிட்டாயா? வா, வெளியே நடந்துவிட்டு வரலாம்" என்று எத்தனை நாள் கூப்பிட்டிருப்பார்? அவருக்கும் அது தோன்றியிருக்காது. எனக்கு மட்டும் தோன்றியதா என்ன?

ராமானுஜனுக்கு 26 வருஷம் முன்னால் அதே இங்கிலாந்துக்குப் போன இன்னொரு சைவச் சாப்பாட்டுக்காரர் காந்தி. 1888-ல் சட்டம் படிக்கப் போனார். ஆரம்பத்தில் அரைப் பட்டினி, ராத்திரி அழுகை. வெட்கத்தில் பேச வராது. ஆனால் தெருத்தெருவாக நடந்து சைவ ஓட்டலைத் தேடினார். ஃபாரிங்டன் தெருவில் ஒன்று கிடைத்ததும் குழந்தைக்குப் பொம்மை கிடைத்த மாதிரி சந்தோஷப்பட்டதாக சத்திய சோதனையில் எழுதுகிறார். அந்த ஓட்டல் வழியாகச் சைவ உணவுச் சங்கம், சங்கத்தின் வழியாக நண்பர்கள். வண்டிக் காசை மிச்சம் பிடிக்க, அரை மணி நடந்தால் வேலை நடக்கும் இடத்துக்குப் போகிற மாதிரி அறை பார்த்தார். தினமும் எட்டு, பத்து மைல் நடை. நம் கணக்கில் 13 முதல் 16 கிலோமீட்டர். அந்த நடைதான் இங்கிலாந்தில் தன்னை நோயில்லாமல் வைத்தது என்று அவரே சொல்கிறார்.

பாரிஸில் கண்காட்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டு அங்கேயும் போனார். கையில் வரைபடம், சைவச் சாப்பாட்டு விடுதியில் ஒரு அறை, ஏழு நாள், பெரும்பாலும் நடை. அப்போதுதான் புதிதாகக் கட்டிய ஈபிள் கோபுரத்தில் இரண்டு மூன்று தடவை ஏறினார். மேலே இருந்த ஓட்டலில் ஏழு ஷில்லிங் தொலைத்துச் சாப்பிட்டது, அவ்வளவு உயரத்தில் சாப்பிட்டேன் என்று சொல்லிக்கொள்வதற்காகத்தான் என்று பின்னால் தன்னையே கேலி செய்துகொள்கிறார். ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதி வைத்த காந்தி! இத்தனைக்கும் நடுவில் லண்டன் மெட்ரிகுலேஷன் படித்து, லத்தீனில் ஒரு முறை தோற்று மறுபடி எழுதித் தேறி, சட்டத் தேர்வும் முடித்து 1891 ஜூன் 10-ல் பாரிஸ்டர் ஆகிவிட்டார். எங்கள் ஊர்க் கணக்குப்படி அவர் ஊர் சுற்றியவர்தான்.

நம் பக்கத்திலும் போனவர்கள் உண்டு. திருச்செங்கோட்டுப் பக்கம் குமாரமங்கலம் ஜமீன் சுப்பராயன் குடும்பத்தில் அப்பாவும் ஆக்ஸ்ஃபோர்டு, மகள் பார்வதியும் ஆக்ஸ்ஃபோர்டு. கோவைக்காரர்களுக்கு அவரைத் தெரியும், நம் தொகுதி எம்.பி.யாக இருந்த பார்வதி கிருஷ்ணன். அண்ணன் மோகன் குமாரமங்கலம் கேம்பிரிட்ஜில் மாணவர் பேரவைக்கே தலைவர் ஆனார். அவர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே இங்கிலீஷ் பழக்கம், வசதி, கூட அண்ணன் தம்பிகள். ராமானுஜனோடு ஒப்பிடுவது நியாயமில்லை. முதல் தலைமுறையாகக் கிளம்பிப் போகிற உங்கள் பிள்ளைகளும் என் பேத்தியும் ராமானுஜன் பக்கத்து ஆட்கள்.

1916 மார்ச்சில் ராமானுஜன் ஆராய்ச்சிக்காக பி.ஏ. பட்டம் வாங்கினார். 1917 வசந்த காலத்தில் உடம்பு படுத்துவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு சானடோரியமாக மாற்றினார்கள். காசநோய் என்று நினைத்துக் குளிர்காற்றில் ஜன்னலைத் திறந்துவைக்கும் வைத்தியம் வேறு. 1994-ல் டாக்டர் யங் என்பவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அது ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம், அன்றைக்கே குணப்படுத்தியிருக்கலாம் என்று எழுதினார். ஆகவே வெளியே போகாததால்தான் நோய் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மனசு? வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகவில்லை. மனைவி எழுதிய கடிதங்கள் அவர் கைக்கு வராமல் போயின. 1918 தொடக்கத்தில் லண்டனில் தன் உயிரையே விட்டுவிடத் துணியும் அளவுக்குப் போனார். நல்லவேளையாகக் காப்பாற்றிவிட்டார்கள். ஹார்டி ஓடி வந்து போலீசிடமிருந்து மீட்டார். அதே வருஷம்தான் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது, அக்டோபரில் டிரினிட்டி அவரை ஃபெல்லோ ஆக்கியது. மாலை, மரியாதை எல்லாம் ஒரே வருஷத்தில்.

"அறையிலேயே உட்கார்ந்ததால்தான் சார் அவ்வளவு கண்டுபிடித்தார்" என்று யாராவது கமெண்ட் போடுவீர்கள். இருக்கலாம். 5 என்ற எண்ணைக் கூட்டல் எண்களாக 7 விதமாகப் பிரிக்கலாம். 200-ஐ எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? 39,72,99,90,29,388. அதைச் சொல்லும் சூத்திரத்தை அவரும் ஹார்டியும் 1918-ல் வெளியிட்டார்கள். அது விளையாட்டு வேலை இல்லை. ஆனால் அந்தச் சூத்திரத்துக்காக ஞாயிற்றுக்கிழமை நடையை விட வேண்டியிருந்தது என்று யாரும் எனக்குக் காட்டவில்லை. சூத்திரத்தில் பாதியை எழுதியவர் மதியத்துக்கு மேல் டென்னிஸ் ஆடினவர்.

1919 பிப்ரவரி 27-ல் கப்பலேறி, மார்ச் 27-ல் பம்பாய் வந்து இறங்கினார். அந்தக் கோடையில் எங்கே வந்து தங்கினார் தெரியுமா? நம்ம கொடுமுடி! ஈரோட்டில் பிறந்த பிள்ளை, உலகம் சுற்றி, எலும்பும் தோலுமாகத் திரும்பி, அதே ஈரோட்டுச் சீமைக் காவிரிக்கரையில் வந்து படுத்திருந்தார். சுமார் இரண்டு மாதம் இருந்துவிட்டு கும்பகோணம், பிறகு சென்னை சேத்துப்பட்டு. 1920 ஏப்ரல் 26-ல் போய்விட்டார். 32 வயது.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே, ஞாபகம் இருக்கிறதா? உங்களைக் கொடுமுடிக்குச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போனேனே. மகுடேசுவரர் கோயில், மூன்று முகம் பிரம்மா, வன்னி மரம் எல்லாம் காட்டினேன். கே.பி.சுந்தராம்பாள் பிறந்த ஊர் என்று சொன்னேன். ஆற்றங்கரையில் புளிச்சாதம் தின்றோம். ராமானுஜன் அங்கே இருந்தார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அப்போது தெரியாது. கணக்கும் வரலாறும் இரண்டும் எடுத்த வாத்தியாருக்கு!

இதையெல்லாம் படித்து முடித்த பிறகு பேத்திக்கு ஃபோன் செய்தேன். கம்பளிக் கதையைச் சொன்னேன். "அப்புச்சி, நான் ஒழுங்காத்தான் போர்த்திக்கறேன்" என்று சிரித்தாள். ரொம்ப நாள் கழித்து அந்தச் சிரிப்பு. "நான் அன்னைக்குக் குழுவுல எழுதினது தப்பு கண்ணு. உனக்கு எழுதினது மட்டுமில்ல, எல்லாத்துக்கும் சொன்னதும் தப்புதான்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, அந்தப் புதிரில் வந்த ஊர் பெயர் என்ன என்று திருப்பிக் கேட்டாள். லூவன் என்றேன். "ஐயோ, அது இங்கிருந்து ரயிலில் ரெண்டு மணி நேரம்கூட இல்லீங்க அப்புச்சி! சனிக்கிழமை போகட்டுங்களா?"

போனாள். கூட ஒரு கேரளப் பெண்ணும், வியட்நாம் பெண்ணும். நூலகத்தைத் திரும்பக் கட்டினார்களாம், 1940-ல் மறுபடியும் எரிந்ததாம், மறுபடியும் கட்டினார்களாம். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, மூன்று பேரும் ஆளுக்கொரு பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவலை வாங்கிக்கொண்டு வீட்டு எண் தேடி ஒரு தெரு முழுக்க நடந்திருக்கிறார்கள். நேற்றுப் பொழுதோட குடும்பக் குழுவில் பதினான்கு போட்டோ வந்தது. கடைசிப் போட்டோவுக்குக் கீழே எழுதியிருந்தாள்:

"அப்புச்சி, 204 கிடைக்கலீங்க. ஒரு பக்கம் ஒற்றைப்படை எண், எதிர்ப்பக்கம் இரட்டைப்படை. அதுவும் 90-லயே தெரு முடிஞ்சு போச்சு. அடுத்த வாரம் வேற தெரு பாக்கறோம்."